மருந்துக்கு முன் தண்ணீர்

கல்முனைச் சந்தைப் பக்கம் எந்த ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும் கைத் தெளிகருவி இரண்டு மூன்று வகையிலாவது இருக்கும். ரோசாச் செடிக்கு விரலால் இழுத்து இழுத்து அடிக்கிற அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று. மேலே உள்ள கைப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்றடைத்துவிட்டு, பித்தானை அமுக்கினால் தானாகச் சீறுகிற 2 லீற்றர், 5 லீற்றர்க் கலன்கள் இன்னொரு வகை. மூன்றாவது, முதுகில் கொளுவிக்கொண்டு வட்டைக்குப் போகிற 16 லீற்றர் டாங்கி. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “இது எத்தின லீற்றர், காக்கா?” அடுத்தது, “கடைசி விலை என்ன?” அதோடு பேச்சு முடிந்து சாமான் பைக்குள் போய்விடும்.

கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு நிமிடத்தில் இது எத்தனை மில்லிலீற்றரை வெளியே விடும், அதை எந்தப் பருமனுள்ள துளிகளாக விடும்? பத்து லீற்றர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று லேபலில் போட்டிருப்பதைப் பார்த்து, மூடியால் அளந்து, கண்ணுக்கு நேரே பிடித்துச் சரிபார்த்து ஊற்றுகிறோம். அப்படி அளந்த மருந்தை இலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கருவியை மட்டும் யாரும் அளப்பதில்லை. ஒருவரின் கருவி ஒரு பாத்திக்கு அரை லீற்றர் விடும், பக்கத்து வளவுக்காரரின் கருவி ஒரு லீற்றர் விடும். கலவை ஒன்றாக இருந்தாலும் செடிக்குப் போய்ச் சேர்ந்த மருந்து இரட்டிப்பு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அளவுக் குவளை ஒன்று, கைத்தொலைபேசியில் உள்ள கடிகாரம், ஒரு வாளி தண்ணீர், இவ்வளவும் போதும்.

வீட்டுச் சுவரில் கற்ற பாடம்

இலங்கையில் கைத் தெளிகருவி செய்த ஆகப் பெரிய வேலை தோட்டத்தில் நடக்கவில்லை, வீட்டுச் சுவரில் நடந்தது. 1934–35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1940களின் நடுவில் வீடுகளின் உட்சுவரில் டீ.டீ.ரீ. தெளிக்கும் வேலை தொடங்கியது. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் மருந்து இருந்தால் அது அங்கேயே சாகும். 1946இல் சுமார் 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963இல் நாடு முழுவதற்கும் 17 ஆகக் குறைந்தது. நோய் தொலைந்துவிட்டது என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 1969 ஆண்டுகளில் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. நுளம்பு டீ.டீ.ரீ.க்குப் பழகிப்போனதால் 1970களின் நடுவில் மலத்தியனுக்கு மாறினார்கள். தெளிப்பு, வலை, இரத்தப் பரிசோதனை, சிகிச்சை என்று பல முனைகளில் நடந்த வேலையின் பின், உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது மருந்தின் பெயரைச் சொல்வோம், கருவியைச் சொல்ல மறந்துவிடுவோம். சுவரில் மருந்து குறைந்தால் நுளம்பு பிழைத்துவிடும், கூடினால் காசும் போகும், வீட்டுக்காரருக்கும் கேடு. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் கைநூல்கள் கருவியையும், அதைப் பிடிக்கிற கையையும், நடக்கிற வேகத்தையும் சேர்த்தே வரையறுத்தன. கலனுக்குள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 55 இறாத்தலில் தொடங்கும். 25க்கு இறங்கியதும் மறுபடி பம்பு அடிக்க வேண்டும். நொசில் 80 பாகை விரிவுள்ள தட்டை விசிறி வகை. 40 இறாத்தல் அமுக்கத்தில் அது நிமிடத்துக்கு 757 மில்லிலீற்றர் விடும். சுவருக்கும் நொசிலுக்கும் இடையில் 45 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில் 75 சென்ரிமீற்றர் அகலப் பட்டை விழும். ஒரு நிமிடத்தில் 19 சதுர மீற்றர் சுவரை முடிக்கிற வேகத்தில் கை போக வேண்டும். 757ஐ 19ஆல் வகுத்துப் பாருங்கள்: சதுர மீற்றருக்கு 40 மில்லிலீற்றர். தேவையான அளவு அதுதான்.

எந்த மின்சாரமும் இல்லாமல், கையால் பம்பு அடிக்கிற ஒரு தகரக் கலன் இப்படி ஓர் அளவுகருவியாக மாறியது. தெளிப்பவர்களைப் பழக்கியதும் மருந்தைக் கொண்டல்ல. சுவரில் சோக்கால் பட்டை கீறி, வெறும் தண்ணீரை அடிக்க வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக் கை வேகம் படிந்த பிறகுதான் கலனில் மருந்து ஊற்றினார்கள். வீட்டுத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

ஒரு மில்லியில் எத்தனை துளி

நொசிலைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடுவில் நுண்ணிய துளை, அதற்குப் பின்னால் சரிவாக வெட்டிய சிறு காடிகள். தண்ணீர் அந்தக் காடிகளுக்குள் சுழன்றுகொண்டு வந்து துளையால் வெளியேறும்போது மெல்லிய கூம்புத் தகடாக விரிகிறது. விரிய விரியத் தகடு மெலிந்து, அலையடித்துக் கிழிந்து, நூல் நூலாகிறது. நூல் துளிகளாக உடைகிறது. உடைப்பது நீரின் பரப்பு இழுவிசை. குறைந்த பரப்புக்குள் அடங்கப் பார்க்கிற நீருக்கு நீண்ட நூலைவிட உருண்டைத் துளி இலேசு. இந்த உடைவைக் கணிதமாக எழுதியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு. 1870களின் இறுதியில் அவர் போட்ட கணக்கின்படி, நூலின் தடிப்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விட்டமுள்ள துளிகள் பிறக்கும். தகடு எவ்வளவு மெல்லியதோ துளி அவ்வளவு நுண்ணியது. அமுக்கம் கூடினால் தகடு மெலியும், நொசில் துளை தேய்ந்து பெருத்தால் தகடு தடிக்கும்.

துளியின் பருமன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு மைக்ரோன் என்று சொல்வோம். ஒரு மில்லிலீற்றர் கலவையை 400 மைக்ரோன் துளிகளாக உடைத்தால் சுமார் 30,000 துளிகள் கிடைக்கும். 200 மைக்ரோன் என்றால் ஏறத்தாழ 2,40,000. விட்டம் பாதியானால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் மிளகாய் இலையை உறிஞ்சிச் சுருட்டுகின்றன. அவை ஊசிமுனை அளவானவை. பெரிய துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் இடைவெளிக்குள் அவை சுகமாக இருக்கும். நுண்துளிகள் நெருக்கமாக விழுந்தால் தப்ப முடியாது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அடித்தால்தான் மருந்து பிடிக்கும் என்பது நம் ஊரின் பொது நம்பிக்கை. சொட்டத் தொடங்கிய பிறகு அடிப்பதெல்லாம் மண்ணுக்குத்தான் போகிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்போது முன்பு ஒட்டியிருந்ததையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் துளியை இன்னும் இன்னும் சிறிதாக்கலாமே? அங்கே காற்று குறுக்கே வருகிறது. 100 மைக்ரோன் துளி அசையாத காற்றில் நொடிக்குக் கால் மீற்றர் அளவில் விழும். 10 மைக்ரோன் துளி நொடிக்கு மூன்றே மில்லிமீற்றர். இடுப்பளவு உயரத்திலிருந்து நிலத்துக்கு வர அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். அதற்குள் இலேசான காற்றே அதை நாலு வளவு தாண்டிக் கொண்டுபோய்விடும். டெங்குக் காலத்தில் தெருத் தெருவாகப் புகையடிக்கும்போது 30 மைக்ரோனுக்கும் குறைந்த துளிகளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். பறக்கிற நுளம்பைத் தொட, துளியும் காற்றில் மிதக்க வேண்டும். கத்தரிச் செடிக்கு அது உதவாது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் 100 முதல் 300 மைக்ரோன் வரையிலான துளி பொருந்தும். களைநாசினிக்கு அதைவிடப் பெரிய துளி பாதுகாப்பானது, ஏனென்றால் காற்றில் தவறிப்போகிற ஒவ்வொரு துளியும் வேறொரு செடியின் மேல் விழும்.

கச்சானும் கடற்காற்றும்

நம் கரையோரத்தில் தெளிப்பதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெப்பமும் வரட்சியுமாக வருகிறது. அதுதான் கச்சான். அந்தக் காற்றில் துளி பறப்பது மட்டுமல்ல, போகிற வழியிலேயே காய்ந்தும் சுருங்குகிறது. 30 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் பாதியாக இருக்கும்போது 50 மைக்ரோன் நீர்த்துளியின் ஆயுள் நாலு நொடி அளவுதான். இலையில் விழ வேண்டிய துளி அந்தரத்திலேயே மறைந்து, உள்ளே இருந்த மருந்து மட்டும் தூசாக மிதக்கும். கச்சான் வீசாத நாளில் வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பி வீட்டுப் பக்கம் தள்ளும். வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கிற கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் ஒரு வளவில் அடித்தது அடுத்த வளவுக் கொடியில் காயும் உடுப்பில் போய் விழும்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கடற்காற்று எழும்புவதற்கு முன் கிடைக்கிற நேரம் ஏற்றது. அது தவறினால் அஸருக்குப் பிறகு காற்று தணிகிற நேரம். ஓர் இலைகூட அசையாத மந்தமான வேளையை நம்ப வேண்டாம். அப்போது நுண்துளிகள் எங்கும் போகாமல் தெளிப்பவரைச் சுற்றியே நிற்கும். வேப்பிலை மெல்ல அசைகிற அளவு காற்று இருந்து, அது முதுகுப் பக்கமிருந்து வீசினால் நல்லது.

கலனுக்குள் போயிலின் விதி

மூன்று வகைக் கருவிகளும் தண்ணீரை மூன்று விதமாகத் தள்ளுகின்றன. விரலால் இழுக்கும் போத்தலில் சிறிய உந்துதண்டு, ஒரு சுருள் வில், ஒன்றிரண்டு குண்டு வால்வுகள். ஒரு தடவை இழுத்தால் ஒரு மில்லிலீற்றர் அளவு வரும். ஒவ்வோர் இழுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அமுக்கம் போதாமல் தடித்த துளிகள் விழும். நாலு சாடிக்கு இது போதும். பத்துச் சாடி என்றால் விரல் கடுத்துவிடும்.

காற்றடைக்கும் கலன் பள்ளிக்கூடத்தில் படித்த போயிலின் விதியின்படி நடக்கிறது. காற்றின் கனவளவு கூடக் கூட அமுக்கம் குறையும். 2 லீற்றர் கொள்ளும் கலனில் 1.4 லீற்றர் தண்ணீர் ஊற்றினால் காற்றுக்கு 0.6 லீற்றர் இடம் மிஞ்சும். வெளி அமுக்கத்தைவிட இரண்டு வளிமண்டலம் கூடுதலாக வரும்வரை பம்பு அடித்துவிட்டுத் தெளிக்கத் தொடங்குங்கள். 300 மில்லிலீற்றர் வெளியேறியதும் கூடுதல் அமுக்கம் பாதியாகிவிடும். அதே கலனில் ஆசைப்பட்டு 1.8 லீற்றர் தண்ணீரை நிரப்பினால் காற்றுக்கு 0.2 லீற்றர்தான் இடம். அப்போது 100 மில்லிலீற்றர் போனதுமே அமுக்கம் பாதிக்கு இறங்கும். கழுத்துவரை நிரப்பியவர் மூன்று மடங்கு தடவை நின்று நின்று பம்பு அடிக்க வேண்டியதுதான். கலனின் பக்கத்தில் முக்கால்வாசிக்குக் கீழே ஒரு கோடு இருப்பது இந்தக் காரணத்துக்காக.

அமுக்கம் பாதியானால் வெளியேறும் அளவும் பாதியாகிவிடாது. வெளியேற்றம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். பாதி அமுக்கத்தில் பத்துக்கு ஏழு பங்கு வரும். இதையே மறுபக்கமாகப் பார்த்தால், வேகமாக வேலை முடிக்க நினைத்து இரண்டு மடங்கு வெளியேற்ற வேண்டுமென்றால் நாலு மடங்கு அமுக்கம் வேண்டும். அந்த அமுக்கம் துளியைத் துமியாக்கிக் காற்றோடு அனுப்பிவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் நொசிலை மாற்றுவதே வழி.

முதுகு டாங்கியில் ஒரு கை நெம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும், மறு கை குழாயைப் பிடிக்கும். பம்புக்குப் பக்கத்தில் உள்ள சிறு காற்றறை, நெம்பின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடையில் அமுக்கம் விழுந்துவிடாமல் தாங்குகிறது. இந்த வகை பரவிய காலம் இலங்கையின் ஒரு பழைய நட்டத்தின் காலத்தோடு ஒட்டி வருகிறது. 1869இல் இங்கே கோப்பித் தோட்டங்களில் துரு நோய் காணப்பட்டது. 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், பூஞ்சையின் வித்திகள் காற்றில் பரவி இலைத்துளை வழியாக உள்ளே நுழைவதைக் காட்டினார். கோப்பி இலையின் துளைகள் அடிப்பக்கத்தில்தான் உண்டு. நுழைவதற்கு முன் இலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மருந்தும் வேண்டும், அதைப் பரப்பும் கருவியும் வேண்டும். செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் பயனை பிரான்சில் மில்லார்தே அறிவித்தது 1885இல். அதைத் திராட்சைத் தோட்டங்களில் அடிக்க விக்டர் வெர்மொரெல் போன்றவர்கள் முதுகில் சுமக்கும் தெளிகருவிகளைச் செய்து பரப்பியதும் அந்தக் காலத்தில்தான். அதற்குள் இலங்கைக் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது.

இலையின் அடிப்பக்கம் இன்றைக்கும் பிரச்சினைதான். வெண் ஈ, சிற்றுண்ணி, செடிப்பேன் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. நெல்லில் அறக்கொட்டி தண்டின் அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். மேலால் அடித்துக்கொண்டு போகிறவரின் மருந்து அதைத் தொடாது. ஆகவே நொசிலை மேல்நோக்கித் திருப்ப முடிகிற, வளைந்த கழுத்துள்ள குழாய் ஒன்று இருக்கிறதா என்பதை லீற்றருக்கு முன்பே பார்க்க வேண்டும். விரலால் இழுக்கும் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே உள்ள உறிஞ்சுகுழாய் தண்ணீரை விட்டுக் காற்றை உறிஞ்சும். இலையின் அடியை அதனால் எட்டுவது கடினம்.

வோஷரும் கிணற்றுத் தண்ணீரும்

தெளிகருவி பெரும்பாலும் உடைந்து போவதில்லை, ஒழுகிப்போகிறது. ஒழுகுவதற்குக் காரணம் வோஷர். கறுப்பாக இருக்கிற எல்லா இறப்பரும் ஒன்றல்ல. ஈ.பி.டி.எம். என்கிற இறப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வேப்பெண்ணெய்க் கலவை அடிக்கிறவருக்கு அது சரிவராது. நைட்ரைல் இறப்பர் எண்ணெயைத் தாங்கும், ஆனால் தரை கழுவத் தெளிக்கிற குளோரின் நீரில் நாளடைவில் கெட்டியாகி வெடிக்கும். விற்றன் என்ற பெயரில் வருவது இரண்டையும் பெரும்பாலும் தாங்கும், விலையும் கூட. குளோரின் நீர் வால்வுக்குள் இருக்கும் இரும்புச் சுருள் வில்லையும் தின்றுவிடும். கடலோரத்து உப்புக் காற்று அந்த வேலையைச் சும்மா கிடக்கும்போதே தொடங்கிவிடுகிறது. துருப்பிடிக்காத உருக்கு வில், பிளாஸ்டிக் அல்லது செராமிக் நொசில் உள்ளதை எடுப்பது இங்கே இலாபம்.

அடுத்தது தண்ணீர். மணல் நிலத்துக் கிணறுகளில் பல இடங்களில் வன்னீர்தான் ஊறுகிறது. அதில் கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்தால் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரளும். வேப்பெண்ணெய்க்குச் சவர்க்காரம் சேர்க்கிற பலர், நொசில் அடைத்துக்கொள்வதற்கு வேப்பங்கொட்டைச் சக்கையைக் குற்றம் சொல்வார்கள். பாதிக் குற்றம் இந்தப் பிசுக்கினுடையது. குழாய் நீரோ மழை நீரோ எடுத்து, பழைய பருத்தித் துணியால் வடித்து ஊற்றினால் அடைப்பு வெகுவாகக் குறையும். அதற்காகச் சவர்க்காரத்தைக் கைவிடவும் வேண்டாம். அது நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்குவதால்தான், மெழுகுப் பூச்சுள்ள இலையில் உருண்டு விழ வேண்டிய துளி படர்ந்து ஒட்டுகிறது. அடைத்த நொசிலை வாயில் வைத்து ஊதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசியால் குத்துவதும் துளையைப் பெருப்பிக்கும். பழைய பற்தூரிகையும் தண்ணீரும் போதும்.

இதே மணலுக்கு இன்னொரு முகம் உண்டு. களிமண்ணும் உக்கலும் குறைந்த மணல், தன்மேல் விழுந்ததைப் பிடித்து வைக்காமல் விரைவாகக் கீழே விட்டுவிடும். கீழே சில அடி ஆழத்தில், உப்புநீரின் மேல் மிதக்கிற நன்னீர்தான் நம் கிணறு. ஒழுகுகிற கருவியை ஒரே இடத்தில் வைத்துக் கலவை ஊற்றுவதும், வேலை முடிந்து கிணற்றடியில் கழுவுவதும், குடிக்கிற தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுப்பதாகும். கழுவிய நீரை மூன்று தடவையாகப் பிரித்து, மருந்து அடித்த செடிகளின் மேலேயே தெளித்து முடிப்பது சரி.

தண்ணீரால் செய்யும் ஆறு சோதனைகள்

புதுக் கருவியில் மருந்து படுவதற்கு முன் இவற்றைச் செய்யலாம். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் முதல் இரண்டைக் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது ஒழுக்கு. கோடுவரை தண்ணீர் ஊற்றி மூடி, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளின் மேல் படுக்க வைத்துக் கவிழ்த்தும் பாருங்கள். மூடி, குழாய் பொருந்துகிற இடம், பித்தான் ஆகிய மூன்றிலும் ஈரம் வரக் கூடாது. முதுகு டாங்கி மூடியால் ஒழுகினால் மருந்து நேரே முதுகுத் தோலுக்குள் போகும். தெளிப்பவரின் உடலுக்குள் மருந்து நுழைகிற பெரிய வாசல் மூக்கல்ல, தோல்தான்.

இரண்டாவது, அமுக்கம் தாங்குதல். பம்பு அடித்து பத்து நிமிடம் சும்மா வையுங்கள். பிறகு பித்தானை அமுக்கினால் முன்போலவே சீற வேண்டும். பாதுகாப்பு வால்வை இழுத்தால் காற்று வெளியேற வேண்டும். அந்த வால்வே இல்லாத காற்றடைக்கும் கலனை வாங்காதீர்கள்.

மூன்றாவது, நிறுத்தினால் நிற்கிறதா? பித்தானை விட்டதும் தெளிப்பு வெட்டினாற்போல் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு துளிக்கு மேல் சொட்டினால் வால்வு சரியாக உட்காரவில்லை.

நாலாவது, வெளியேற்றம். அளவுக் குவளைக்குள் நொசிலை வைத்து ஒரு நிமிடம் அடித்து அளக்கவும். மூன்று தடவை செய்து சராசரியை எடுத்து, கலனின் அடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதையே செய்யலாம். புதிதில் இருந்ததைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடியிருந்தால் நொசில் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கலன் அப்படியே இருக்கட்டும், நொசிலை மட்டும் மாற்றுங்கள்.

ஐந்தாவது, துளியின் கோலம். தண்ணீரில் சலவை நீலம் கொஞ்சம் கலந்து, இரண்டு முழத் தூரத்தில் வெள்ளைத் தாளுக்கு ஒரு வீச்சு அடியுங்கள். புள்ளிகள் எல்லாப் பக்கமும் ஒரே நெருக்கத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் தடித்த திட்டும் மறுபக்கம் வெறுமையுமாக இருந்தால் அந்த நொசிலை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

ஆறாவது, கையும் நடையும். காணியைப் பேர்ச் கணக்கில் பேசுகிற நமக்கு இது இலேசு. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும். வளவில் அவ்வளவு இடத்தைக் கயிற்றால் அடையாளம் வைத்து, வழமையாக அடிக்கிற மாதிரியே தண்ணீரை அடித்து முடியுங்கள். எவ்வளவு செலவானது என்று பாருங்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். செலவான அளவை 160ஆல் பெருக்கினால் உங்கள் கைக்கு ஏக்கருக்கு எத்தனை லீற்றர் என்று தெரிந்துவிடும். ஒரு பேர்ச்சுக்கு ஒரு லீற்றர் என்றால் ஏக்கருக்கு 160 லீற்றர். லேபலில் ஏக்கர்க் கணக்கிலோ ஹெக்டெயர்க் கணக்கிலோ கொடுத்த மருந்தளவை உங்கள் கலனுக்குச் சரியாகப் பிரிக்கிற வழி இது. ஒரு ஹெக்டெயர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர்.

யாருக்கு எது

பத்துப் பதினைந்து பேர்ச் வளவில் மிளகாய், கத்தரி, தேசி, மாதுளை, மல்லிகை வைத்திருப்பவருக்கு 2 லீற்றர்க் காற்றடைக்கும் கலன் பொருத்தம். சற்றுப் பெரிய தோட்டத்துக்கு, தோளில் கொளுவும் வாரும் நீண்ட குழாயும் உள்ள 5 லீற்றர் நல்லது. நிரப்பினால் அது ஆறு கிலோவை நெருங்கும். வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வாங்கும்போது அவர்கள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

16 லீற்றர் டாங்கி வயலுக்கானது. நிரப்பினால் 20 கிலோ வரும். நிரப்பிய முதுகுத் தெளிகருவி 25 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் வகுத்த எல்லை. அகலமான தோள் வார், கை படாமல் ஊற்றக்கூடிய பெரிய வாய், வாய்க்குள் வலைவடி, வெளியிலிருந்து தண்ணீர் மட்டம் தெரிகிற கோடு ஆகியவற்றையும் அது கேட்கிறது. உயரமான தென்னைக்கு இந்த மூன்றில் எதுவும் சரிவராது. கீழே நின்று மேலே அடித்த மருந்தில் பெரும்பகுதி அடித்தவரின் முகத்துக்கே திரும்பி வரும்.

வயல் டாங்கியை வீட்டுக்குக் கடன் வாங்குவது இங்கே சகஜம். அதில் ஒரு பொறி இருக்கிறது. நெல்லில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ. போன்ற மருந்தின் மிச்சம், கழுவியதாக நினைத்த டாங்கியின் குழாயிலும் வோஷரிலும் தங்கியிருக்கும். நெல்லைத் தொடாத அந்தச் சிறு மிச்சம் தக்காளியையும் கத்தரியையும் முறுக்கிச் சுருட்டப் போதுமானது. அதை வைரசு நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்கி அடிப்பவர்களும் உண்டு. களைநாசினிக்கு ஒரு கருவி, மற்றதற்கு ஒரு கருவி என்று பிரித்து, மேலே பெரிதாக எழுதி வைப்பதே பாதுகாப்பு. குளோரின் நீருக்கு மூன்றாவதாக ஒரு மலிவான போத்தல் இருக்கட்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான கலனுக்கும் விலைகூடிய கலனுக்கும் பிளாஸ்டிக்கில் இருக்கிற வித்தியாசம் குறைவு, நொசிலிலும் வோஷரிலும் வால்விலும் இருக்கிற வித்தியாசம் அதிகம். உதிரி வோஷரும் நொசிலும் தனியாகக் கிடைக்கிற சாமானை எடுத்தால் ஐந்தாறு வருடம் ஓடும். உதிரி கிடைக்காத கருவி, எவ்வளவு நல்ல பெயர் வாங்கியதாக இருந்தாலும், முதல் வோஷர் பிய்கிற அன்றோடு குப்பைதான். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது லீற்றரையும் விலையையும் கேட்ட பிறகு, இதற்கு வோஷர் தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு வாளி தண்ணீரும் கேளுங்கள். தண்ணீரில் தோற்கிற கருவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். அதே கருவி மருந்தில் தோற்றால் பயிரும் கிணறும் உடம்பும் சேர்ந்து அந்தச் செலவைக் கட்ட வேண்டியிருக்கும்.